நின்ற வண்டியின் பின்னால்

லாரியின் பின்சக்கரங்களைச் சுழற்றும் ஆக்சில் முறியும் சத்தம் துப்பாக்கி வெடிப்பதுபோல் இருக்கும் என்று பட்டறைகளில் சொல்வார்கள். எனக்கு அப்படிக் கேட்கவில்லை. காய்ந்த பனைமட்டையை யாரோ முழங்காலில் வைத்து ஒடித்ததுபோல் ஒரு சத்தம், அவ்வளவுதான். அதன்பின் என்ஜின் இரைந்துகொண்டே இருந்தது. வண்டி மட்டும் வேகத்தை மெல்ல மெல்ல இழந்தது. ஓட்டுநர் அண்ணன் ஒருமுறை கியரை மாற்றிப் பார்த்தார். காலை எடுத்துவிட்டு, "முறிந்துவிட்டது, தம்பி" என்றார்.

சில வருடங்களுக்கு முந்தைய மாசி மாதம் அது. சின்னசேலத்தில் மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு நாமக்கல்லில் ஒரு தீவன மில்லுக்கு வந்துகொண்டிருந்தோம். உளுந்தூர்ப்பேட்டை – சேலம் சாலையில் இரவில் போனவர்களுக்குத் தெரியும்: நான்கு வழியாக அகலமாக வரும் சாலை, ஊர்களின் புறவழி வந்ததும் நடுத்திட்டு இல்லாத இருவழியாகச் சுருங்கிவிடும். அப்போது அப்படித்தான் இருந்தது. நான்கு வழிச் சாலையின் வேகத்திலேயே வண்டிகள் இந்தச் சுருங்கலுக்குள் வந்து விழும். எங்கள் ஆக்சில் அதற்காகவே காத்திருந்ததுபோல் ஆத்தூர் புறவழியில், இரவு 11.45 மணிக்கு முறிந்தது.

அன்று நான் வண்டியில் இருந்தது தற்செயல். அப்பா விட்டுப்போனவை ஒரு வீடு, ஓர் ஆறு சக்கர லாரி, அந்த லாரியோடு பதினாறு வருடம் பழகிய ஓர் ஓட்டுநர். எனக்கு ஓட்டத் தெரியாது. கணக்கு மட்டும் பார்ப்பேன். சின்னசேலம் வியாபாரி ஒருவரிடம் பழைய வாடகை பாக்கி வாங்கப் போயிருந்தேன். பஸ்ஸுக்கு நிற்பதற்குப் பதிலாக லோடு ஏறிய நம் வண்டியிலேயே ஏறிக்கொண்டேன். கிளீனர் கிடையாது. அதற்கு முந்தைய வருடம் டீசல் விலை ஏறியபோது அவரை நிறுத்தியது நான்தான்.

வண்டி தன் உந்துதலில் உருண்டுகொண்டிருக்கும்போதே அண்ணன் இடதுபக்கம் ஒடித்துவிட்டார். அதுதான் அந்த இரவின் முதல் முடிவு. அதை எடுக்க அவருக்கு நான்கைந்து வினாடிதான் இருந்தது. இடதுபக்கம் மண் ஓரம் குறுகலாக இருந்தது, அதற்கப்பால் சரிவு. முழுக்க இறக்கினால் பாரத்தோடு சாய்ந்துவிடும். வலப்பக்கத்துப் பின்சக்கரங்கள் தாரிலேயே நிற்கும்படி நிறுத்தினார். முழுப் பத்திரமும் இல்லை, முழு ஆபத்தும் இல்லை. பிரேக்கைப் போட்டு, என்ஜினை அணைத்து, கியரில் விட்டு, கட்டையைச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார். அபாய விளக்குகளைப் போட்டார். நான் இருக்கையிலேயே உட்கார்ந்து மெக்கானிக்கின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்து, "தம்பி, முதலில் இறங்குங்கள்" என்றார். குரலில் மரியாதை இருந்தது. பேச்சுக்கு இடம் இல்லை.

சரிவில் இறங்கி வேலியோரம் நின்ற பிறகுதான் காரணம் சொன்னார். இரவில் ஒரு லாரியின் பின்பக்கத்தைப் பார்க்கிறவனுக்கு அது ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாது. ஓடுகிறது என்றே நினைத்துக்கொண்டு வருவான். நெருங்கிய பிறகுதான், தூரம் குறைகிற வேகம் தப்பாக இருப்பது புரியும். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவன் ஒரு வினாடிக்கு 22 மீட்டர் கடக்கிறான். கண்ணுக்குத் தெரிந்து கால் பிரேக்குக்குப் போவதற்குள் நாற்பது மீட்டர் போய்விடுகிறது. பிரேக் பிடித்து நிற்க இன்னொரு நாற்பது. எதிரில் வண்டி வருவதால் தாழ்த்திப் போட்ட முகப்பு விளக்குக்கு அவ்வளவு தூரம் எட்டாது. இந்தக் கணக்கை நான் பிறகு வீட்டில் உட்கார்ந்து போட்டேன். அண்ணன் கணக்குப் போடவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்த வழியே நடந்தார், நூறு தப்படி எண்ணி.

"முக்கோணம் எங்கே?" என்று கேட்டேன். வண்டி வாங்கும்போதே கொடுக்கிற அந்தச் சிவப்பு எச்சரிக்கை முக்கோணத்தைத்தான். அதன் கால் உடைந்து இரண்டு வருடமாகிறதாம். என்னிடம் இரண்டுமுறை சொல்லியிருக்கிறார். எனக்கு நினைவில்லை என்று சொல்ல ஆசைதான், நினைவிருந்தது.

ஆகவே, நம் சாலைகளில் எல்லோரும் செய்வதைச் செய்தோம். ஓரத்தில் கிடந்த கருங்கற்களை வரிசையாக வைத்தோம். வேலியில் இருந்த கருவேல மரக் கிளைகளை ஒடித்துப் பரப்பினோம். கிளைகளைத்தான் தூரத்தில் வைக்கச் சொன்னார். கற்கள் வண்டியை ஒட்டி மட்டும். மொத்தம் ஏழு கற்கள். வைக்கும்போதே ஒவ்வொன்றாக எண்ணினார். எதற்கு என்று அப்போது கேட்கவில்லை.

அரை மணி நேரத்துக்குள் ஓர் ஆம்னி பஸ் வந்தது. கிளைகளைக் கண்டதும் அதன் ஓட்டுநர் விலக நினைத்திருக்க வேண்டும். எதிரில் ஒரு டேங்கர். பிரேக்கின் காற்றுச் சத்தமும் டயரின் கிறீச்சொலியும் சேர்ந்து வந்தன. பஸ் எங்கள் லாரியின் வலப்பக்கத்தை உரசாமல் எப்படிப் போனது என்று இன்றும் எனக்குத் தெரியாது. முறிந்த கிளைகளின் வாசனை மட்டும் நின்றது. அண்ணன் ஒன்றும் சொல்லாமல் போய்க் கிளைகளை மறுபடி அடுக்கினார். இன்னும் இருபது தப்படி தள்ளி.

ஒரு மணிக்கு மேல் அபாய விளக்குகள் மங்கத் தொடங்கின. பழைய பேட்டரிகள். "அடுத்த நடை முடியட்டும்" என்று நான் தள்ளிப்போட்டவை. பின்பலகையில் ஒட்டியிருந்த சிவப்பு ஒளிர்பட்டையும் பேருக்குத்தான். முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்று விதி சொல்கிற அந்தப் பட்டை, எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எடுக்கும் நாளில் மலிவாக வாங்கி ஒட்டப்பட்டு, அதற்கப்புறம் மண்ணும் தவிட்டுத் தூசியும் படிந்து கிடந்தது. அண்ணன் தோளில் கிடந்த துண்டை நனைத்து அதைத் துடைத்தார். நடுராத்திரியில், பின்னால் வண்டிகள் சீறிக்கொண்டு போக, அவர் என் லாரியின் பின்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த காட்சி எனக்கு வெட்கமாக இருந்தது.

1033-ஐ அழைத்தோம். தேசிய நெடுஞ்சாலைகளுக்கான உதவி எண் அது. அழைக்கப் பணம் இல்லை. பல ஓட்டுநர்கள் மெக்கானிக்கைத்தான் முதலில் அழைக்கிறார்கள், நானும் அப்படித்தான். ரோந்து வண்டி வந்து ஆரஞ்சு நிறக் கூம்புகளை வைத்துவிட்டுப் போனது. அதன்பிறகுதான் அண்ணன் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.

அந்தக் கற்களை ஏன் எண்ணினார் என்று அப்போது கேட்டேன்.

இருபது வருடத்துக்கு முன், வேறொரு முதலாளியின் வண்டி. விழுப்புரத்துக்கு அந்தப் பக்கம் டயர் வெடித்து நின்றிருக்கிறார். கற்களை வைத்து, ஸ்டெப்னி மாற்றி, கற்களை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கிளம்பியிருக்கிறார். ஒன்று விட்டுப்போனது. மறுநாள் அதே வழியில் திரும்பும்போது டீக்கடையில் பேச்சு: விடியற்காலையில் மொபெட்டில் பால் கேனோடு வந்த ஒருவர் சாலையில் கிடந்த கல்லில் ஏறி விழுந்து இடுப்பு முறிந்து கிடக்கிறார். எந்த வண்டிக்காரன் வைத்த கல் என்று யாருக்கும் தெரியாது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன் என்றார். அதற்குமேல் அந்தக் கதையில் ஒன்றும் இல்லை. வழக்கு இல்லை, தண்டனை இல்லை. அந்தக் கல் அவருடையதுதானா என்பதுகூட உறுதியில்லை.

இந்தக் கேள்வி என்னை விடவில்லை. வண்டி பழுதாகி நின்றுவிட்டால் அதன் பிறகு நடப்பதற்கெல்லாம் யார் பொறுப்பு? ஊர் திரும்பியதும் விபத்து வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டேன். அதற்குப் பிறகு வந்த சட்டங்களையும் தீர்ப்புகளையும் அவ்வப்போது அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-ஆவது பிரிவு நேரடியானது. வண்டியின் பொறுப்பில் இருப்பவர், மற்றவர்களுக்கு ஆபத்தோ தடையோ உண்டாகும் நிலையில் அதைப் பொது இடத்தில் விட்டுவைக்கக் கூடாது. அங்கே 'உரிமையாளர்' என்ற சொல் இல்லை. 'பொறுப்பில் இருப்பவர்' என்றுதான் இருக்கிறது. நள்ளிரவில் ஆத்தூர் புறவழியில் பொறுப்பில் இருப்பவர் யார்? ஓட்டுநர்தான். 126-ஆவது பிரிவு, நிற்கும் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் உரிமம் உள்ள ஒருவர் இருக்க வேண்டும், இல்லையென்றால் இயக்கத்தை நிறுத்தி, பிரேக் போட்டு, வண்டி தானாக நகராதபடி செய்திருக்க வேண்டும் என்கிறது. அண்ணன் கட்டையை அண்டை கொடுத்தது சட்டம் படித்தா? பத்து மணி நேரத்துக்கு மேல் ஆளில்லாமல் விட்டால், சீருடையில் உள்ள காவலர் இழுத்துச் செல்ல 127-ஆவது பிரிவு அனுமதிக்கிறது. இழுவைக் கூலியை உரிமையாளர் கட்ட வேண்டும். போக்குவரத்துக்குத் தடையாக நிறுத்தி வைப்பதற்கு 201-ஆவது பிரிவில் ஒரு காலத்தில் மணிக்கு ஐம்பது ரூபாய் வரை அபராதம். 2019 திருத்தம் அந்தத் தொகையை 500 ரூபாய் ஆக்கியது.

இவை சில்லறை விஷயங்கள். பின்னால் வந்து யாராவது மோதினால் கதை மாறிவிடும். கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக வழக்குப் பதிவாகும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இதற்கு இரண்டு ஆண்டு வரை சிறை, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவில் ஐந்து ஆண்டு வரை. முதல் தகவல் அறிக்கையில் வருவது ஓட்டுநரின் பெயர். இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் பணம் கட்ட வேண்டியவர்கள் உரிமையாளரும் காப்பீட்டு நிறுவனமும். அதாவது எனக்குச் செலவு, அவருக்குச் சிறை. காப்பீடு ஒழுங்காக இருந்தால் எனக்குச் செலவுகூட இல்லை.

நிற்கிற வண்டியை 'ஓட்டினேன்' என்று எப்படிச் சொல்ல முடியும் என்று நான் வாதாடினேன். வழக்கறிஞர் சிரித்துவிட்டு 1991-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றைச் சொன்னார். 1987-இல் புணே – பெங்களூர் நெடுஞ்சாலையில் அதிகாலை மூன்று மணியளவில் ஒரு பெட்ரோல் டேங்கர் லாரியோடு மோதிக் கவிழ்ந்தது. கசிந்த பெட்ரோலைப் பிடிக்க ஊர் மக்கள் கூடினார்கள். சில மணி நேரம் கழித்து அது வெடித்துப் பலர் தீக்காயம் பட்டார்கள், உயிர்களும் போயின. டேங்கர் அப்போது ஓடவில்லையே, இது எப்படி வாகனப் பயன்பாட்டால் வந்த விபத்தாகும் என்பது எதிர்வாதம். உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பழுதாகியோ இயந்திரக் கோளாறாலோ விபத்தாலோ அசையாமல் கிடக்கும் வண்டியும் பயன்பாட்டில்தான் இருக்கிறது என்றது. நம்மூரில் கவிழ்ந்த டேங்கரைச் சுற்றிக் குடமும் கேனுமாகக் கூட்டம் கூடும் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தீர்ப்பு நினைவுக்கு வரும். கூட்டத்தை விரட்டுவதும் ஓட்டுநரின் வேலைதான். உயிரோடு இருந்தால்.

இன்னொன்று 2024-இல் வந்தது. கர்நாடகத்தில் பதினான்கு சக்கர டிரெயிலர் ஒன்று நெடுஞ்சாலையில் விளக்கில்லாமல், சுற்றி எந்த அடையாளமும் இல்லாமல் நிறுத்திவிடப்பட்டிருந்தது. பின்னால் வந்த கார் மோதி உயிர்கள் போயின. காரை ஓட்டியவர் கவனித்திருக்கலாம் என்று சொல்லி, கீழே இருந்த நீதிமன்றங்கள் பழியில் பாதியை அவர்மேல் போட்டிருந்தன. உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தியது. அப்படி நிறுத்திவிட்டுப் போனதே அலட்சியத்துக்குச் சான்று, வேறு நிரூபணம் வேண்டியதில்லை என்ற போக்கில் அந்தத் தீர்ப்பு இருக்கிறது. 'பின்னால் வந்தவன் பார்த்திருக்க வேண்டும்' என்று பட்டறைகளில் நாங்கள் காலங்காலமாகச் சொல்லிவந்த சமாதானம் அதோடு போனது.

கோயம்புத்தூர் வழக்கு ஒன்று நமக்கு இன்னும் நெருக்கமானது. 2017-இல் கர்ப்பிணி மனைவிக்குக் குமட்டல் வந்ததென்று காரோட்டி ஒருவர் நெடுஞ்சாலை நடுவே திடீரென பிரேக் போட்டார். பின்னால் பைக்கில் வந்த மாணவர் காரில் மோதி விழ, பஸ் ஏறி அவர் கால் போனது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் காரோட்டிக்கு ஐம்பது, பஸ்ஸுக்கு முப்பது, மாணவருக்கு இருபது விழுக்காடு என்று பொறுப்பைப் பிரித்தது. கர்ப்பிணி மனைவி என்ற காரணத்தை யாராலும் புறக்கணிக்க முடியாது. ஆனாலும், நிற்கப் போகிறவன் பின்னால் வருகிறவனுக்கு முன்கூட்டியே காட்ட வேண்டும் என்பதில் நீதிமன்றம் விட்டுக்கொடுக்கவில்லை. எவ்வளவு நியாயமான காரணத்துக்காக நின்றாலும், நின்றதைக் காட்டுவது தனிக் கடமை.

அண்ணன் வைத்த கற்களுக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. தன் செயலாலோ, தன் பொறுப்பில் உள்ள பொருளைக் கவனிக்காமல் விட்டதாலோ பொதுவழியில் ஆபத்து உண்டாக்குவது குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தின் 283-ஆவது பிரிவில் இதற்கு அபராதம் இருநூறு ரூபாய் வரை. புதிய சட்டத்தின் 285-ஆவது பிரிவில் ஐயாயிரம் வரை. ஒரு பால்காரரின் இடுப்புக்கு இருநூறு ரூபாய். அதையும் யாரும் கேட்டு வாங்கியதில்லை.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், லாரி உரிமையாளர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. முதல் பத்து நிமிடம் ஓட்டுநருடையது: ஓரம் கட்டுவது, இறங்குவது, பின்னால் நடந்து போய் அடையாளம் வைப்பது. அதில் தவறினால் அவரைக் கேட்கலாம். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் அவர் கையில் என்ன இருக்கும் என்பதை முடிவு செய்தது நாங்கள். பேட்டரி, பட்டை, முக்கோணம், உடன் ஓர் ஆள். வெறுங்கையோடு அனுப்பிவிட்டு, கல்லை ஏன் வைத்தாய் என்று கேட்பதுதான் எங்கள் வழக்கம். சட்டமும் ஏறக்குறைய அதையே செய்கிறது, கொஞ்சம் மரியாதையான தமிழில்.

காலை ஏழு மணிக்கு ஆத்தூரிலிருந்து மெக்கானிக் புது ஆக்சில் ஷாஃப்டோடு வந்தார். போல்ட்டுகளைக் கழற்றி முறிந்த ஷாஃப்டை உருவினார். உள்ளே தங்கிய துண்டை எதிர்ப் பக்கத்திலிருந்து நீளக் கம்பியால் தள்ளி எடுத்தார். முறிந்த முகத்தைத் துணியால் துடைத்து என்னிடம் காட்டினார். பாதி வட்டம் கறுத்துப் போயிருந்தது, மீதி வெள்ளி மாதிரி மின்னியது. கறுத்தது பழைய விரிசல், பல மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது என்றார். மின்னுகிற பகுதிதான் நேற்று இரவு முறிந்தது. வண்டியின் மொத்த எடை 18.5 டன்னைத் தாண்டக் கூடாது. முந்தைய இரவு ஒன்றரை டன் கூடுதலாக இருந்தது, அதற்கு முந்தைய நடைகளிலும் அப்படித்தான். வியாபாரியிடம் ஒப்புக்கொண்டது நான். ஓட்டுநர் இருக்கையில் நான் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை என்றாலும், அந்தக் கறுத்த பாதி என்னுடையது.

கிளம்பும்போது கிளைகளை எல்லாம் சரிவில் எறிந்தோம். கற்களை அண்ணன் எடுத்துப் போட்டார். ஆறுதான் இருந்தன. அபாய விளக்கைப் போட்டுவிட்டு மறுபடி தேடினார். மில்லில் லோடு இறக்க வரிசை இருக்கும், நேரமாகிறது என்றேன், காதில் வாங்கவில்லை. ஆம்னி பஸ் விலகியபோது அதன் சக்கரம் பட்டுத் தெறித்திருக்க வேண்டும். முப்பது தப்படிக்கு அப்பால், எதிர்த்திசை வழியில் கிடந்தது ஏழாவது. சாலையைக் கடந்து போய் அதை இரண்டு கையாலும் தூக்கிவந்து சரிவில் உருட்டிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு ஏறினார்.

நாமக்கல்லில் கணக்கு முடித்தோம். எங்கள் தொழிலில் ஓட்டுநருக்கு நடைக்குத்தான் சம்பளமும் படியும். வண்டி நின்ற நேரத்துக்கு ஒன்றும் இல்லை. எட்டு மணி நேரம் பனியில் நின்று பின்னால் வந்த ஒவ்வொரு வண்டியையும் டார்ச் அடித்துத் திருப்பிவிட்டதற்கு நோட்டில் எந்தத் தலைப்பும் கிடையாது. நான் 'இரவுக் காவல்' என்று புதிதாக ஒரு வரி எழுதி ஆயிரம் ரூபாய் போட்டேன். அண்ணன் நோட்டைத் தன் பக்கம் திருப்பி அந்த வரியைப் படித்தார்.

"இது இருக்கட்டும் தம்பி. முக்கோணம்?"

அன்று மாலையே பரமத்தி சாலையில் ஒரு கடையில் வாங்கினேன். இரண்டு. பேட்டரிக்கு மட்டும் இன்னும் ஒரு நடை தவணை கேட்டேன். ஒன்றும் பேசாமல் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார். மறுநாள் பேட்டரி மாட்டிய பிறகுதான் வண்டி எடுத்தார்.